அப்ப மாவின் ஒன்றுவிட்ட சொந்தம்

ஆம்ப்ரோஸின் மீ நூடுல்ஸ் சூப்பிலிருந்து காளான் துண்டுகளை மாமியார் பிலோமினம்மாள் ஒவ்வொன்றாகப் பொறுக்கி மேசை ஓரத்தில் வைத்தார். ஞாயிறு பூசை முடிந்து சிங்கப்பூர்த் தேக்கா உணவுக் கடைத்தொகுதியில் நல்ல கூட்டம். பக்கத்து மேசைச் சீனர் அந்தக் குவியலையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அத்தை, அது நல்ல காளான்."

"எதுவும் நல்லதில்ல மாப்பிள்ள. மதலேனாவுக்குக் கடைசியா காளான் கொழம்பு வெச்சுக் குடுத்ததே நாந்தான். ரத்தத்துல காளான் ஏறிடுச்சுன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்கல்ல?"

அவன் கையிலிருந்த குச்சிகள் அப்படியே நின்றன. புற்றுநோய் மருந்தில் நொந்துபோயிருந்த அவன் மனைவி மதலேனாவின் ரத்தத்தில் ஈஸ்ட் பரவிவிட்டது என்று டாக்டர் ஆங்கிலத்தில் சொன்னார். தமிழ்த் தாதி ஒருத்தி அதைக் காளான் என்றாள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, தன் கையே மகளைக் கொன்றது என்று இந்த அம்மாள் இத்தனை நாளும் நம்பியிருக்கிறார். அவன் தன் துக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, அதே வீட்டில் அவர் சமைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

கண்ணால் காட்டிவிடலாம் என்று குச்சிகளைக் கீழே வைத்தான். "நாளைக்கு லேபுக்கு வாங்க" என்றான்.

அது 1988. தவளைத் தோலில் கிருமியைக் கொல்லும் சரக்கு இருக்கிறது என்று அமெரிக்காவிலிருந்து செய்தி வந்த மறுவருடம். ஆய்வுக்கூடத்தில் அவனோடு வேலை பார்த்த ஹலீமா, தட்டு நிறையத் தவளைத் தோலை வைத்துக்கொண்டு வரவேற்றாள்.

"அடி ஆத்தி, தவளையா!"

"தோலு மட்டுந்தான் ஆண்ட்டி. கறியெல்லாம் தவளை விக்கிற கடைக்காரருக்கே, நாங்க தொடல லா."

ஒட்டி மூடிய கண்ணாடித் தட்டு ஒன்றை ஆம்ப்ரோஸ் எடுத்துக் கொடுத்தான். உள்ளே பாலாடைபோல் வெள்ளைப் படலம்.

"மதலேனாவுக்கு வந்தது இது. ஈஸ்ட். எல்லார் வயித்துலயும் சும்மா கெடக்கும். உடம்பு அசந்தா ரத்தத்துல ஏறிடும். சாப்பிடுற காளான் வேற."

"ஈஸ்ட்டுன்னா, அப்ப மாவுல போடுறதா?"

"அதுக்கு ஒண்ணுவிட்ட சொந்தம்."

பிலோமினம்மாள் நெஞ்சில் கை வைத்தார். "ஐயோ மாதாவே! கிறிஸ்மஸுக்கு அப்பம் வேற சுட்டுக் குடுத்தேனே!"

ஹலீமா திரும்பிக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது. ஆம்ப்ரோஸும் சிரித்துவிட்டான். யாரோ சிரிப்பதுபோல் அவனுக்கே கேட்டது.

"அத்தை, அப்பமும் இல்ல, கொழம்பும் இல்ல. நீங்க ஆக்குன எதுவும் இல்ல."

"எதுவுமே?"

"எதுவுமே இல்ல."

அவர் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "நடுவுல ஏன் ஓட்டை?" என்றார். படலத்தின் நடுவே ஒரு வட்டம் தெளிந்து கிடந்தது.

"தவளைத் தோல்ல ஒரு குட்டிப் புரதம் இருக்கு. பெப்டைடுன்னு பேரு. அது பட்ட எடத்துல ஈஸ்ட் செத்துப்போச்சு."

"மனுசருக்குக் குடுக்கலாமா?"

"தெரியல. வருசக்கணக்கா ஆகும்."

"அப்ப ஏன் நின்னுக்கிட்டிருக்கீங்க ரெண்டு பேரும்?"

சொல்லிவிட்டுத் தட்டை ஜன்னலுக்கு எதிரே தூக்கி, அந்த வட்டத்தில் ஒரு கண்ணை வைத்தார். கீழே சாலையில் இரட்டை மாடிப் பேருந்து ஒன்று வட்டத்துக்குள் நுழைந்து, மறுபக்கம் போயிற்று. அவர் தட்டை இறக்கவில்லை. அடுத்த பேருந்து வரட்டும் என்று நின்றார்.