மூன்றாவது உறுப்பு

1

எட்டு, ஒன்பது. அடுத்தது நான். என்னைப் பத்து என்கிறார்கள்.

இது ஹபீபாவின் மனத்துக்குள் ஓடியது, வாயால் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கதை எழுதுகிற எனக்கு வேலை இருந்திருக்காது. உண்மையில் ஹபீபாவை நான் பார்த்ததே இல்லை. எண்பத்து மூன்றில் ஓர் அமாவாசையன்று, செஞ்சி பஸ் நிலையத்தில் மேல்மலையனூர்க் கோயிலுக்குப் போகிற கூட்டத்துக்கு நடுவே நசுங்கிக்கொண்டிருந்தேன். யாரோ ஒருவர் தன் மகள்களைப் படிக்கவைத்த பெருமையை நண்பரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மூத்தவள் எட்டாவது, அடுத்தவள் ஒன்பதாவது, கடைசிப் பெண் பத்தாவது. ஆளுக்கு ஒரு வருஷம் கூட்டிக் கொடுத்தாராம். அவருக்கு அன்வர் பாஷா என்று பெயர் வைத்து, ஒரு கயிற்றுக்கடையும் கொடுத்தேன். கடைசிப் பெண்தான் ஹபீபா.

2

ராஜகிரி மலைமேல் வெயில் ஏறிக்கொண்டிருந்த

(வேண்டாம். செஞ்சிக் கதை எழுதுகிறவர்கள் எல்லாரும் முதல் வரியிலேயே கோட்டை ஏறிவிடுகிறார்கள். பிறகு ஒரு வீட்டுக்குள் நுழைய மூச்சு இருப்பதில்லை.)

வீட்டுக்குள்ளேயே தொடங்குகிறேன். ஹபீபா பத்தாவது தேறிவிட்டாள். பிளஸ் ஒன் சேர வேண்டும் என்கிறாள். அவலூர்பேட்டையில் மாப்பிள்ளை பார்த்தாகிவிட்டது என்கிறார் அத்தா அன்வர் பாஷா.

“பெரியவளுக்கு எட்டு, அடுத்தவளுக்கு ஒம்போது, ஒனக்குப் பத்து. நான் இன்னா கொற வெச்சேன்?”

“இந்தக் கணக்குல பாத்தா, டிகிரி படிக்க எட்டாவது பொண்ணு பொறக்கணும் அத்தா.”

அடுப்படியிலிருந்து அம்மா அசீசுன்னிசாவின் குரல் மட்டும் வந்தது: “என்னால ஆவாது.”

3

[இவ்வளவு துடுக்காக அந்த வீட்டுப் பெண் பேசுவாளா? சந்தேகந்தான். ஆனால் முதல் உறுப்பு எட்டு, பொது வித்தியாசம் ஒன்று என்றால் எட்டாவது உறுப்பு பதினைந்து. பட்டப்படிப்பு முடியப் பதினைந்து வருஷம். கணக்குச் சரியாக இருக்கிற ஒரு வாக்கியத்தை அடிக்க எனக்கு மனம் வரவில்லை.]

கூட்டுத் தொடர் வேண்டாம், பெருக்குத் தொடராகக் கொள்ளலாம் என்று தாராளம் காட்டிப் பார்த்தேன். எட்டு ஒன்பதான அதே விகிதத்தில் ஒன்பதைப் பெருக்கினால் பத்தே அரைக்கால், பத்தும் எட்டில் ஒன்றும். அதாவது, பிளஸ் ஒன்னில் ஒன்றரை மாதம். புத்தகங்களுக்கு அட்டை போட்டு முடிப்பதற்குள் நிக்காஹ்.*

* இரண்டு உறுப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு அது எந்தத் தொடர் என்று சொல்ல முடியாது. மூன்றாவதைக் கேட்க வேண்டும். மூன்றாவதை யாரும் கேட்கவில்லை.

4

முடிவுகள். அத்தா மனம் மாறுகிறார். (பத்திரிகைகளுக்குப் பிடிக்கும். ஒரே பக்கத்தில் மாறுகிற அத்தாவை நான் எங்கும் கண்டதில்லை.) அல்லது, ஹபீபா அழுதுகொண்டே அவலூர்பேட்டை பஸ் ஏறுகிறாள். (இதற்குப் பரிசே கிடைக்கும்.)

உங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள். நான் பரிசுக்குரியதைத்தான் எழுதத் தொடங்கினேன். அத்தா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். படிப்பை நிறுத்திப் பள்ளிக்கூடத்தில் டி.சி. வாங்க வேண்டும், அவளும் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம்.

ஹபீபா எழுந்து, தாவணியைச் சரிசெய்துகொண்டு, அவர் பின்னால்

எழுந்திருக்கவில்லை. வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தேன். அவள் கணக்குப் புத்தகத்தை மடியில் வைத்தபடி உட்கார்ந்தே இருந்தாள்.

“நேரமாவுது, வா,” என்றார் அத்தா.

எங்கள் இருவருக்கும் சேர்த்து, குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

“நான் வரல. கையெழுத்தும் போடல.”