மூன்றாவது தொட்டியின் மொய்னா

1

2024 மார்ச் 9, சனிக்கிழமை. சாத்தூருக்கு மேற்கே ஒரு மாட்டுப் பண்ணை. மூன்றாவது தொட்டியின் தண்ணீர் காலையில் சிவந்திருந்தது. சாயங்காலம் தெளிந்திருந்தது.

இந்தக் கதை அந்தத் தெளிவிலிருந்து பிறந்தது. தொழுவம் கழுவிய நீர் முதல் தொட்டியில் தங்கிக் கசடு படியும். இரண்டாவதில் பாசி பிடித்துப் பச்சையாகும். மூன்றாவதில் அந்தப் பாசியைத் தின்று மொய்னா பெருகும். கடுகைவிடச் சிறிய நீர்ப்பூச்சி. மீன்குஞ்சுகளுக்கு உயிருள்ள தீனி. தண்ணீர் சிவந்தால் பூச்சி மண்டியிருக்கிறது. தெளிந்தால் செத்துவிட்டது.

வளர்த்தவள் இசைவாணி. பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்தும் வேலையை விட்டு வந்தவள். திங்கட்கிழமை மீன்பண்ணைக்கு முதல் லோடு போகாவிட்டால் தொட்டியை மூடிவிடுவேன் என்று மாட்டுப் பண்ணைக்காரர் சொல்லியிருந்தார். மூடினால் அவள் திரும்ப வேண்டியது அந்த மருந்து ரூமுக்குத்தான்.

2

நான் எழுதிய முதல் வரைவு இப்படித் தொடங்கியது: 'தூரத்தில் ஒரு சத்தம். இசைவாணி தொட்டியிலிருந்து நிமிர்ந்து—'

போனில் இசைவாணிக்கு வாசித்தபோது அவள் குறுக்கிட்டாள்.

"எங்க ஊருன்னா வெடிச்சாத்தான் கதையாக்கும்? பூச்சி செத்தது பத்தலையா ஒங்களுக்கு?"

அந்த வரியை அடித்துவிட்டேன். இந்தக் கதையில் எதுவும் வெடிக்காது.

3

வெயிலில் தொட்டி நீர் இறங்கியிருந்தது. அவள் கணவன் முனியராஜ் அதே கம்பெனியில்தான் வேலை செய்கிறான். மத்தியானம் ஒரு நீல டிரம்மோடு வந்தான். கம்பெனிக்கு ரசாயனம் வந்து காலியான டிரம். (இந்தப் பக்கம் பல வீடுகளில் குளிக்கிற தண்ணீர் அதில்தான் நிற்கும்.) மோட்டாரில் பிடித்துப் பிடித்துத் தொட்டியில் ஊற்றினான்.

"டிரம்மைக் கழுவுனீகளா?"

"அலசிட்டேன் புள்ள. நாமளே இதுல குளிக்கோம். ஒம் பூச்சி என்ன, கலெக்டர் வீட்டுப் பூச்சியா?"

அவள் சிரித்துக்கொண்டே ஒரு கண்ணாடி டம்ளரில் மொண்டு வெளிச்சத்தில் பிடித்தாள். துள்ளிக்கொண்டிருந்தவை தள்ளாடின. ஒவ்வொன்றாக அடியில் இறங்கின.

"ஏங்க," என்றாள். "ஏங்க, ஓடி வாங்க."

இருவருமாகப் பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு நல்ல தண்ணீரை விட்டார்கள். மறுபடி இறைத்தார்கள். மறுபடி மொண்டு பார்த்தாள்.

4

முனியராஜை என்னால் நம்ப முடியவில்லை. கம்பெனியில் ஆர்டர் கூடியிருந்தது. உன் பெண்டாட்டியைக் கூட்டி வா என்று ஃபோர்மேன் அவனை நச்சரித்துக்கொண்டிருந்தார். அங்கேயே வேலை செய்கிறவனுக்கு அந்த டிரம்மைத் தெரியாதா? ஒரு வரைவில் அவன் தெரிந்தே ஊற்றுகிறான். இன்னொன்றில் உதவ வந்து கெடுக்கிறான். சிக்கல் என்னவென்றால், இரண்டு வரைவுக்குமே, மேலே உள்ள மூன்றாம் பகுதியில் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

இசைவாணியிடம் சொன்னேன்.

"அவுகளை வில்லனாக்குறதுன்னா எம் பேரை எடுத்துருங்க சார்."

"அப்போ அவர் வேணும்னு செய்யலை?"

"கேட்டாத்தான தெரியும்?"

"கேக்கலையா?"

"கேட்டுட்டு, அதே வீட்டுல எப்பிடிச் சோறு பொங்குறது?"

5

எனவே அவன் மனத்தில் இருந்ததை நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள். என்னால் ஆகவில்லை. மற்றது நடந்து முடிந்துவிட்டது.

திங்கட்கிழமை தொட்டியை மூடினார்கள். செவ்வாய்க்கிழமை இருவரும் கம்பெனி வேனில் ஏறினார்கள். மருந்து செலுத்தும் ரூமில் ஆள் குறைவாக இருந்தது. அவளை அங்கேயே போட்டார்கள்.