படகில் வந்தவன்

படுக்கையில் கிடந்த அத்தா நசீருதீனின் உதட்டில் மகள் ஃபர்ஹா ஸ்பூனை வைத்தாள். மக்காவிலிருந்து வந்த ஜம்ஜம் தண்ணீர் கடைவாயில் வழிந்தது. அவர் தலையை அசைத்து, கட்டில் ஓரத்தில் கிடந்த லைப்ரரி புத்தகத்தைக் காட்டினார்.

"மீதியப் படிம்மா."

பரீட்சைக்காக அவள் சத்தம் போட்டுப் படித்ததில் ஆரம்பித்தது இது. கொலம்பஸ் கரையிறங்கியதும் தீவுக்காரர்கள் பருத்தி நூலும் கிளிகளும் கொண்டுவந்தார்கள். அவன் கண்ணாடி மணிகளைக் கொடுத்துவிட்டு, பொன் எங்கே என்று கேட்டான். அத்தா சிரித்துவிட்டார்.

"பாசிமணிக்குப் பொன்னா? பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுல எம்புட்டு வருசமா வித்தேன், ஒரு மூக்குத்தி தேறலியே!"

பிறகு ஆட்களைப் பிடித்துக் கப்பலில் ஏற்றிய இடம் வந்தது. அத்தா சிரிக்கவில்லை. பிடிபட்ட ஒருத்தியின் புருஷன் தனியாகப் படகு வலித்து வந்தான். என் பெண்டாட்டி பிள்ளைகள் உள்ளே இருக்கிறார்கள், என்னையும் ஏற்றிக்கொள்ளுங்கள் என்றான்.

"ஏத்திக்கிட்டானுவளா?"

"நாளைக்குப் படிக்கிறேன் அத்தா."

அண்ணன் ஜாவித்தின் பாஸ்போர்ட் குவைத்தில் முதலாளியிடம் இருந்தது. நாளைக்குத் தருவார்கள் என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தான். அவன் வரும்வரை அத்தாவுக்குக் காத்திருக்க ஏதாவது வேண்டும் என்று ஃபர்ஹா நினைத்தாள். பழைய பக்கங்களையே திரும்பத் திரும்பப் படித்தாள். அந்தப் படகை மட்டும் கப்பலுக்குப் பக்கத்திலேயே நிறுத்தி வைத்தாள்.

இன்று விடிந்ததும், ராத்திரியே பாஸ்போர்ட் கிடைத்துவிட்டதாகப் போன் வந்தது.

"அண்ணன் ஏர்போர்ட்டுக்கு வந்துருச்சு அத்தா. அது வரட்டும், சேந்து படிப்போம்."

"ஜாவித் வரட்டும்மா. அந்தாளு புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு ஊரு திரும்பினானா? அத மட்டும் சொல்லிடு."

"சொல்றேன் அத்தா. அண்ணன் வரட்டும்."

அவர் கண்களை மூடிக்கொண்டார். அம்மா குல்சும் குர்ஆனை எடுத்து யாசீன் ஓதத் தொடங்கினாள். ஓதி முடிப்பதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

வெயில் காலம், வைத்திருக்க முடியாது என்றார்கள். சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு லப்பைக்குடிக்காடு கபர்ஸ்தானில் அடக்கம் ஆயிற்று.

பொழுது சாய்ந்து, மக்ரிப் தொழுகைக்குச் சற்று முன்னால் ஜாவித் வந்தான். நேராக கபர்ஸ்தானுக்குப் போய்விட்டு வந்திருந்தான். ஷூ முழுக்க ஈரமண். பாய் எடுத்துவிட்ட கட்டிலில் உட்கார்ந்தான்.

"கடைசியா எதுவும் கேட்டாரா?"

"கேட்டாரு."

"என்னயவா?"

ஃபர்ஹா புத்தகத்தை எடுத்தாள். அடையாளம் வைத்த பக்கத்திலிருந்து படித்தாள். படகு கப்பலைத் தொட்டது. அவன் கேட்டான். அவனையும் ஏற்றிக்கொண்டார்கள்.

"அப்பறம்?" என்றான் ஜாவித்.

அவள் பக்கத்தைத் திருப்பினாள். வேறொரு தீவு. மறுபடி பொன்னைப் பற்றிய விசாரிப்பு. அந்த ஆளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அத்தா கேட்ட முதல் நாளே அவள் கடைசிப் பக்கம்வரை தேடிப் பார்த்திருந்தாள்.

ஜாவித் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வாசலிலேயே நின்ற அவன் பெட்டியில், ஏர்போர்ட்டில் ஒட்டிய சீட்டு ஃபேன் காற்றுக்கு எழுந்து எழுந்து படிந்தது.