ஓர் ஆளுக்கான இடம்

ஆறு இவ்வளவு மஞ்சளாகவா ஓடும்? அதைத் தவிர ஹெஸ்டருக்கு எதுவும் தோன்றவில்லை. ஓவியம் வந்த பெட்டியிலிருந்து சிந்திய வைக்கோலைப் பணியாட்கள் கூட்டி அள்ளிவிட்டிருந்தார்கள். படத்தை உணவுக்கூடத்துச் சுவரில் சாய்த்து வைத்து, அதன் முன்னால் நாற்காலி போட்டு அவளை உட்காரவைத்திருந்தார் கணவர் ஆம்ப்ரோஸ். அவள் அழுவாள் என்று காத்திருந்தார்கள். அவளுக்கோ எண்ணெய் வாடைதான் மூக்கில் ஏறியது. ஜன்னலில் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் மழை வழிந்துகொண்டிருந்தது; படத்தில் ரோமாபுரி மாலை வெயிலில் கிடந்தது.

இத்தாலியைச் சுற்றிப் பார்க்கப் போகும் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் செய்வதைத்தான் மகன் எட்மண்டும் செய்தான். ரோமில் குடியிருந்த ஆங்கிலேய ஓவியன் ஒருவனிடம் நகரக் காட்சி ஒன்றுக்குச் சொல்லிவைத்தான். வானமும் கோபுரங்களும் முதலில். முன்னால் நிற்கும் கனவான், அதாவது படம் கேட்டவர், கடைசியில், அவரே வந்து நின்ற பிறகு. நேப்பிள்ஸ் போய்விட்டு வந்து நிற்கிறேன் என்றவனை, புறப்படுவதற்கு முன்பே ஆகஸ்டுக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. ஓவியன் மீதியை முடித்து அனுப்பியிருந்தான். பைன் மரத்தடியில் ஓர் ஆள் அளவுக்குப் பழுப்புப் பூச்சு மட்டும் அப்படியே இருந்தது. மரநிழல்கூட அதைச் சுற்றிக்கொண்டு போயிருந்தது.

"இதுல ஆளை நிறுத்துறது பெரிய வேலை இல்லீங்க ஐயா," என்றார் டாரன்ட். அடுத்தவர்கள் வரைந்த காட்சிகளில் மனிதர்களையும் மாடுகளையும் சேர்ப்பது அவர் பிழைப்பு, பக்கத்து நகரமான ஷ்ரூஸ்பரியிலிருந்து வரவழைத்திருந்தார்கள். "ஒரு ஆட்டுக்காரனையும் ரெண்டு ஆட்டையும் போட்டா மூடிடும். என் ஆடுங்களுக்கு நல்ல பேரு."

"ஆட்டைப் பார்க்கவா ஆல்ப்ஸ் தாண்டி அனுப்பினேன்? இங்க ஜன்னலைத் திறந்தா ஆடுதான்யா." ஆம்ப்ரோஸ் பழுப்புப் பூச்சைக் காட்டினார். "என் பிள்ளை நிக்கணும்."

"அப்ப முகத்துக்கு உங்களையே பார்த்துக்கிறேன். உடம்புக்கு உங்க தம்பி மகனை நிறுத்தலாம். ஆனா நீங்க சொன்னீங்களே, உங்க மகனோட சிவப்புக் கோட்டு, அது வேணும். வெளிச்சம் துணியில எப்படி விழுதுன்னு பார்க்காம போட்டா பொய்யாத் தெரியும்."

கோட்டு எட்மண்டின் பெட்டியில் இருந்தது. பெட்டிச் சாவி ஹெஸ்டரின் இடுப்புப் பையில். கப்பலில் வந்ததிலிருந்து அதை அவள் திறக்கவில்லை. தம்பி மகன் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்பான், கால் மாற்றுவான், கொட்டாவி விடுவான். எட்மண்டின் முழங்கை மடிப்புகள் அவனுடையவை ஆகிவிடும். இதையெல்லாம் அவள் யாருடைய வீட்டு விஷயமோ போல நினைத்துப் பார்த்தாள்.

டாரன்ட் நகர்ந்தார். படத்தில் அவர் முழங்கை மறைத்திருந்த இடத்தில், ஊர்ச்சுவரோரம், நகத்தளவு சாம்பல் நிறத்தில் ஒரு கூர்முனை தெரிந்தது. எட்மண்டுடன் போன ஆசிரியர் திரும்பி வந்து, இதே அறையில், தொப்பியைத் திருகிக்கொண்டே சொன்னார்: "ரோம் ஊர்ச்சுவரோரமா பழைய பிரமிடு ஒண்ணு இருக்கும்மா. நம்ம புராட்டஸ்டன்ட் மதத்துக்காரங்களை அதுகிட்டதான் புதைக்க விடுவாங்க. எட்மண்டும் அங்கதான்." அன்றும் அவளுக்கு அழுகை வரவில்லை. பிரமிடு எகிப்தில் அல்லவா இருக்கும் என்று கேட்டாள்.

ஓவியன் அந்தப் பிரமிடை வரைந்தபோது எட்மண்ட் உயிரோடு இருந்திருப்பான். பக்கத்தில் நின்று பார்த்துக்கூட இருப்பான். ஆம்ப்ரோஸ் இன்னும் அந்தப் பழுப்பையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முனை என்னவென்று அவரிடம் சொல்லலாம். சொன்னால், இனி சாப்பிட உட்காரும்போதெல்லாம் அவர் அந்தக் கூர்முனையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"சாவியைக் கொடு, ஹெஸ்டர். கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் வருவாங்க. இப்படி ஓட்டையா மாட்டினா என்ன நினைப்பாங்க?"

"கொடுக்க மாட்டேங்க."

"நாளைக்குக் கொடுக்கிறியா?"

"இல்ல."

அவர் அவளைப் பார்த்தார். கத்துவார் என்று அவள் நினைத்தாள், அவர் மறுபடி பழுப்பின் பக்கம் திரும்பினார். என்ன செய்வதென்று தெரியாத டாரன்ட் படத்தின் முன் குனிந்தார். பழுப்புப் பூச்சின் நடுவில் ஒரு வைக்கோல் துரும்பு ஒட்டியிருந்தது, ஓர் ஆள் நிமிர்ந்து நிற்பதுபோல. அதை எடுக்கக் கை நீட்டினார்.

"வேண்டாம்," என்றாள் ஹெஸ்டர். "அது இருக்கட்டும்."