மரியாதைக்கு ஒரு 'ஷி'

நேர்முகப் பரீட்சை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நடுவில், கொரியாவிலிருந்து வந்து படிப்பிக்கும் கொரிய மொழி மிஸ் ஏன் அழுதார் என்று ரிஃப்காவுக்கு விளங்கவே இல்லை.

உயர்தரத்தில் கொரிய மொழி எடுத்த பதினொரு பேரில் ஒருவர் மட்டும் பத்து நாளைக்குக் கொரியாவுக்குப் போகலாம் என்று அறிவித்திருந்தார்கள். புத்தளத்துக் கற்பிட்டியை விட்டால் கொழும்பையே இரண்டு தடவைதான் பார்த்தவள் ரிஃப்கா. அந்த ஒற்றை இடத்துக்காக மூன்று மாதமாகச் சோறு தண்ணி மறந்து பாடமாக்கினாள். கடல், மீன், உப்பளம், கழுதை எல்லாவற்றுக்கும் சொல் தயார். புத்தளத்தைப் பற்றிக் கேட்டால் கழுதையை விட்டுவிட்டு எப்படிப் பேசுவது? மிஸ்ஸோ கழுதைப் பக்கமே போகவில்லை. வாப்பா எங்கே என்று கேட்டார்.

வாப்பா முனாஸ் மன்னாரில் இருந்தார். தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது எட்டு வயதில் உடுத்த உடுப்போடு இங்கே வந்து சேர்ந்தவர், காடு மண்டிப்போன பழைய காணியைத் துப்புரவாக்கி வீடு கட்ட எட்டு மாதத்துக்கு முன் திரும்பிப் போயிருந்தார். திரும்பிப் போவதற்குக் கொரியச் சொல் ரிஃப்காவுக்குத் தெரியும். ஆனால் பெற்ற வாப்பாவை வெறுமனே 'திரும்பிப் போனான்' என்று சொல்ல நாக்கு வருமா? பெரியவர்களைப் பற்றிச் சொல்லும்போது வினைச்சொல்லின் நடுவில் ஒரு 'ஷி' சேர்த்தால் மரியாதை என்று மிஸ்தானே படிப்பித்தார். சேர்த்தாள்.

"அபொஜி தொராகஷ்யொஸ்ஸொயோ."

மிஸ்ஸின் பேனை நின்றது. எப்போது என்று மெதுவாகக் கேட்டார். எட்டு மாதம் என்றாள். உம்மா எப்படி இருக்கிறார் என்றார். அன்றைக்கு அழுதார், இப்போது சந்தோஷமாக இருக்கிறார் என்றாள். மிஸ் திறந்த வாயை மூடவில்லை. சொன்னது போதாதாக்கும் என்று நினைத்து, பாடமாக்கிய இன்னொரு வசனத்தையும் எடுத்துவிட்டாள்: நாங்களும் கெதியாகக் குடும்பத்தோடு வாப்பா இருக்கிற இடத்துக்கே போய்விடுவோம். மிஸ் எழும்பி வந்து அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, அப்படிச் செய்யாதே, செய்யாதே என்று அழத் தொடங்கிவிட்டார். மன்னாரில் அப்படி என்னதான் ஆபத்து என்று யோசித்துக்கொண்டே ரிஃப்கா வெளியே வந்தாள்.

புதன்கிழமை பெயர் வந்தது. ரிஃப்கா! இது அதைவிடக் குழப்பம். அவளுடைய சிநேகிதி ஷானிகாவுக்குத்தான் கொரிய மொழி தண்ணீர் பட்ட பாடு என்பது வகுப்புக்கே தெரியும். துள்ளிக் குதிப்பதா, ஷானிகாவின் முகத்தைப் பார்ப்பதா என்று தடுமாறும்போது அவளே வந்து கட்டிக்கொண்டாள்.

"எனக்கு ஒரு புள்ளி கூடத்தான். ஆனா உனக்குக் குடுப்பமா எண்டு மிஸ் கேட்டா, நான் ஓம் எண்டுட்டன். எட்டு மாசமா எனக்கு ஒரு சொல்லுச் சொல்லல்லையே நீ."

எதைச் சொல்லவில்லை என்று கேட்பதற்குள் அலுவலகத்தில் கூப்பிட்டு ஒரு சம்மதப் படிவத்தைக் கொடுத்தார்கள். தந்தையின் பெயருக்கு நேரே 'காலமானார்' என்று டைப் செய்து, தாயின் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. ரிஃப்கா நூலகத்துக்கு ஓடி, தான் சொன்ன சொல்லை அகராதியில் தேடினாள். திரும்பிப் போதல் இருந்தது. அதற்குக் கீழே, 'ஷி' சேர்ந்தால் வேறு பொருள் இருந்தது: இறந்துபோதல். மரியாதை கொடுக்கப் போய் வாப்பாவை மௌத்தாக்கிவிட்டாள்.

உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, அதுதான் வெட்கக்கேடு. உம்மா ஒரு கையெழுத்துப் போட்டால் போதுமே, பத்து நாள்தானே, யாருக்கு என்ன நட்டம் என்று இரண்டு நாளாகத் தனக்குத் தானே நியாயம் பேசினாள். யோசிக்க யோசிக்க எது பிழை, எது பொய் என்பதே பிடிபடாமல் போயிற்று.

வெள்ளிக்கிழமை வாப்பா பஸ்ஸில் வந்து இறங்கினார். மகள் கொரியா போகிறாள் என்று உம்மா போனில் சொல்லியிருந்தார். கொதிக்கிற வெயிலில் ஒரு கம்பளிச் சட்டையை எடுத்து அவள் தோளில் வைத்து அளவு பார்த்தார். பெரிதாக இருந்தது. பரவாயில்லை, அந்தக் குளிருக்கு உள்ளே இரண்டு உடுப்புப் போடலாம் என்றார். அதற்கு மேல் ரிஃப்காவால் தாங்க முடியவில்லை. அழுதுகொண்டே படிவத்தை நீட்டி எல்லாவற்றையும் சொன்னாள்.

வாப்பா படித்தார். மௌத்துச் செய்திக்கு ஓதும் பழக்கத்தில் "இன்னாலில்லாஹி" என்று தொடங்கி, செத்தது தான்தான் என்று கண்டு பாதியில் நிறுத்தினார்.

"நாமளும் மௌத்துக்கு அல்லாஹ்வுக்கிட்டயே திரும்பிப் போறம் எண்டுதானே ஓதுறம். அவங்கட மொழியில மட்டும் என்ன புதினம்? திங்கக்கிழம நான் வந்து முகத்தக் காட்டுறன், மகள்."

திங்கட்கிழமை வாப்பாவோடு போய் மிஸ்ஸின் முன்னால் நின்றாள். இவர்தான் என் அபொஜி, திரும்பி வந்திருக்கிறார் என்று சொல்ல வேண்டும். 'ஷி' போடுவதா, விடுவதா? போட்டால் இந்தத் தடவை என்ன ஆகுமோ என்ற பயத்தில், வாப்பாவுக்கு மரியாதை இல்லாமலே உயிர் கொடுத்தாள்.

மிஸ் வாப்பாவை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார். ரிஃப்கா தட்டுத் தடுமாறி விளக்கியதும் சிரித்தார், கண்ணைத் துடைத்தார், இடுப்பை வளைத்து அவரைக் கும்பிட்டார். பிறகு, இடம் ஷானிகாவுக்குத்தான் என்று மெதுவாகச் சொன்னார். நியாயம்தான்.

கேற்றைத் தாண்டியதும் மிஸ் என்ன சொன்னார் என்று வாப்பா கேட்டார்.

"நீங்க மௌத்தாகல்ல, அதால எனக்கு இடமில்லையாம், வாப்பா."

சந்தோஷப்படுவதா, கவலைப்படுவதா என்று தெரியாமல் அவர் கொஞ்சத் தூரம் நடந்தார்.

"அப்ப நான் வந்தது பிழையாப் போச்சா, மகள்?"

படிவத்தை மறைத்து வைத்திருந்த அந்த இரண்டு நாளும், வாப்பா வராமலிருந்தால் நல்லது என்றுதான் அவள் மனதுக்குள் இருந்தது. இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள்; தெரிந்த ஒரு மொழியிலும் சொல் வரவில்லை. அந்தக் குளிருக்கு இது போதுமா என்று மிஸ்ஸிடம் கேட்க வாப்பா காலையில் புத்தகப் பையில் வைத்துவிட்ட கம்பளிச் சட்டையை எடுத்து, அந்தப் பகல் வெயிலில் வெள்ளைச் சீருடைக்கு மேல் மாட்டிக்கொண்டு, வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வீடு வரை நடந்தாள்.