டெல்மர் எழாத ஞாயிறு

டயர் பஞ்சரானாலும் ரொட்டி கருகினாலும் டெல்மருக்கு அதில் ஒரு வேதபாடம் கிடைத்துவிடும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துச் சின்ன ஊரொன்றில், மாதத்தின் முதல் ஞாயிறன்று மார்மன் கிறிஸ்தவ சபையே உபவாசமிருக்கும். மனமுள்ளவர்கள் எழுந்து, கடவுள் தங்களுக்குச் செய்ததைச் சாட்சியாகச் சொல்வார்கள். முப்பது வருடமாக முதலில் எழுவது டெல்மர்தான். பக்கத்தில் அவர் மனைவி வெர்டா நெளிந்துகொண்டிருப்பாள்.

இந்த மாதம் அவர் கால் முறிந்து கிடந்தார். சபைப் பக்கமே வராத பக்கத்து வயல்காரன் ஓர்வல், டெல்மரின் வாய்க்கால் முறை நாளில் மதகைத் திறந்து அவருடைய தீவனப்புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சினான். போதாதென்று தன் முறைத் தண்ணீரையும் திருப்பிவிட்டான்.

“சபையில என் பேர இழுத்தீங்க, இன்னொரு கால நானே ஒடைப்பேன்!” என்றான். டெல்மர் சரியென்று தலையாட்டினார்.

உபவாச ஞாயிறும் வந்தது; டெல்மர் ஊன்றுகோலோடு சபைக்குப் போய் உட்கார்ந்தார். இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்? டெல்மரின் கை ஊன்றுகோலைத் தொட்டது, விட்டது, மறுபடி தொட்டது. கடைசி ஜெபம்வரை அவர் எழவேயில்லை. வெர்டா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாலையில் ஓர்வல் வேலியோரம் நின்ற வெர்டாவிடம் வந்தான். “என்ன சகோதரி, உங்க வீட்டுக்காரர் என்னைப் புனிதனாக்கிட்டாரா?”

“வாயே தொறக்கல.”

“டெல்மரா? கால்தானே ஒடஞ்சுது, நாக்குமா?”

“தவியாத் தவிச்சாரு. உனக்குக் குடுத்த வாக்குக்காக உக்காந்தே இருந்தாரு.”

ஓர்வலின் சிரிப்பு நின்றது. மெல்லத் தொப்பியைக் கழற்றினான்.

“அந்த மனுஷன் இவ்வளவு செஞ்சாரா? என் தண்ணியெல்லாம் என்ன பெருசு!”