விளக்கேற்றும் நேரத்துத் தலைவலி

கொலுவின் கீழ்ப்படியில், செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் வசுமதி குத்துவிளக்கை ஏற்றினாள். திரி நன்றாகப் பற்றிக்கொண்டதா என்றுகூடப் பார்க்கவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். அவள் நினைத்தபடியே பின்னறைக் கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாளும் விழுந்தது, பிறகு குறுக்கும் நெடுக்குமாக நடக்கிற காலடிச் சத்தம். நேற்றும் இதே நேரம், முந்தாநாளும் இதே நேரம்.

உள்ளே போனவன் அவள் கணவன் கிரீஷ். சால்ட் லேக்கில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, டாக்குரியாவில் சொந்த ஃப்ளாட், ஒரே பெண் ஹம்சினி. வங்காளத்தில் வந்து குடியேறிய, வெளியிலிருந்து பார்த்தால் குறையே சொல்ல முடியாத தமிழ்க் குடும்பம். சாயங்காலமானால் தலைவலி என்று உள்ளே போய்விடுவான். திரும்பி வரும்போது வலது கண் மட்டும் சிவந்து நீர் வழியும், இமை பாதி தொங்கும், மூக்கும் அந்தப் பக்கம் மட்டும் ஒழுகும். வசுமதி அருகே போய் முதலில் செய்வது அவன் வாயை மோந்து பார்ப்பதுதான். நாற்றம் எதுவும் இருக்காது. அதனால் அவளுக்கு நிம்மதி வந்துவிட்டதா? நாற்றமே இல்லாத எதையோ எடுத்துக்கொள்கிறான் என்று புதிய சந்தேகம்தான் வந்தது.

"மா, பாபா காந்த்சே," என்றாள் ஹம்சினி வங்காளத்தில், பின்னறைப் பக்கம் கையைக் காட்டி.

"தமிழ்ல சொல்லுடீ."

"அப்பா அழறா."

குடித்தவர்கள்கூட அழுவார்கள் என்று வசுமதி நினைத்துக்கொண்டாள். சந்தேகம் புகுந்த வீட்டில் சாட்சிக்கு என்ன பஞ்சம்!

அன்று வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ள வந்த மேல்மாடி சுப்புலக்ஷ்மி மாமி, சுண்டலை வாயில் போட்டபடியே கேட்டாள்: "போன வருஷக் கொலுவுக்கும் உங்காத்துக்காரருக்குத் தலைவலின்னுதானேடீ சொன்னே?"

மாமி போன பிறகு வசுமதிக்குச் சுரீரென்றது. வாஸ்தவம்தான். அதற்கு முந்தின வருஷமும் இப்படித்தான். கொலு வைத்தால் வலி வரும், தீபாவளியை ஒட்டி வரும் காளி பூஜோ முடிந்தால் போய்விடும். தன் பிறந்தகத்து மனிதர்கள் வந்து போகிற நாட்களாகப் பார்த்தா ஒரு மனிதனுக்குத் தலை வலிக்கும்? உடனே அண்ணாவுக்குப் போன் போட்டாள்.

அண்ணா வெங்கடசுப்ரமணியன் அதே ஊரில் ஒரு வங்கியின் விஜிலன்ஸ் பிரிவில் அதிகாரி. சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர். அந்தத் தொழிலை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவார் என்பதுதான் சங்கடம்.

"நிஜமான வலி கடியாரம் பார்த்துண்டு வராதும்மா," என்றார். "மாசாமாசம் ஒரே தேதியில ஒருத்தன் சிக் லீவு போட்டா, அது காய்ச்சல் இல்லே, வேற ஏதோ ஜோலி. இதுல எத்தனை பேரைப் பிடிச்சிருக்கேன் தெரியுமா? தலைவலிக்காரன் விளக்கை அணைச்சுட்டுப் படுத்துப்பான். இவர் குறுக்கும் நெடுக்குமா நடக்கறார்ங்கறே!"

"சைனஸ்னு மாத்திரை சாப்பிட்டாச்சு. கண்ணாடி மாத்தியாச்சு. கடவாய்ப் பல்லைக்கூடப் பிடுங்கிண்டுட்டார் அண்ணா."

"ஒண்ணுமே இல்லாத எடத்துல டாக்டர் என்னத்தைக் கண்டுபிடிப்பான்? நாளைக்கு நானே வந்து கையும் களவுமா பிடிக்கறேன். ஏதாவது இருந்துதுன்னா, குழந்தையை அழைச்சுண்டு நம்மாத்துக்கு வந்துடு."

வசுமதி பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள். ஹம்சினியின் பள்ளிக்கூட யூனிஃபார்மை மடித்து அதில் வைத்தாள். அவளுக்குக் கணவன்மேல் பிரியம் இல்லாமல் இல்லை. ஏமாளியாகிவிடுவோமோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

மறுநாள் வெங்கடசுப்ரமணியன் முன்கூட்டியே வந்து பின்னறையைச் சோதனை போட்டார். அலமாரி, மெத்தைக்கு அடி, ஜன்னல் மேடை என்று எதையும் விடவில்லை. ஒன்றும் அகப்படாததால் நாற்காலியை இழுத்துப் போட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். கூடத்தில் விளக்கு ஏற்றப்பட்டது. கிரீஷ் உள்ளே வந்தான். மச்சினர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தும் தயங்கவில்லை. தாழ்ப்பாளைப் போட்டான், கொடியிலிருந்த துண்டை உருவி வாயில் திணித்துக் கடித்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு நடந்ததை அவர் கண்ணெதிரே பார்த்தார். எதையும் குடிக்கவில்லை, முகரவில்லை, விழுங்கவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வலது கண் சிவந்து இமை சரிந்தது. நெற்றியில் அந்தப் பக்கம் வியர்த்துக் கொட்டியது. நடந்தான், திரும்பினான், அலமாரியில் தலையை முட்டினான், மறுபடி நடந்தான். நடிப்போ என்று அப்போதும் அவர் யோசித்துப் பார்த்தார். அழுகையை நடிக்கலாம். ஒரு கண்ணை மட்டும் சிவக்க வைக்க எந்த நடிகனால் முடியும்?

வலி இறங்கியதும் கிரீஷ் தரையில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"கதவை எதுக்கு மாப்ளே தாழ்ப்பாள் போடறேள்?" வெங்கடசுப்ரமணியன் குரல் தணிந்திருந்தது.

"ஹம்சினி பயந்துடுவா."

மறுநாள், பூஜோவுக்குத் துணி வாங்குகிற கூட்டத்தில் முட்டி மோதிக்கொண்டு மூவரும் கரியாஹாட்டில் ஒரு நரம்பு டாக்டரம்மாவைப் பார்க்கப் போனார்கள். வெங்கடசுப்ரமணியன் பழக்கதோஷத்தில் குற்றப்பத்திரிகை மாதிரியே ஒப்பித்தார்: தினமும் ஒரே நேரம், வருஷாவருஷம் ஒரே சீசன், ஒரே பக்கம், படுக்காமல் நடக்கிறார்.

வங்காளமும் ஆங்கிலமுமாகப் பேசிய டாக்டரம்மா சொன்னதன் சாரம் இது: "நீங்க இவர் பொய் சொல்றார்னு காட்டறதா நினைச்சுக்கிட்டு, நோயோட அடையாளத்தைத்தான் சொல்லியிருக்கீங்க. இதுக்குக் கிளஸ்டர் தலைவலின்னு பேரு. கொத்தா வந்து சில வாரம் வதைக்கும், அப்புறம் மாசக்கணக்கில காணாம போகும். மூளைக்கு அடியில ஹைப்போதலாமஸ்னு ஒரு சின்னப் பாகம் இருக்கு. உடம்போட கடிகாரத்தை நடத்துறதே அதுதான். தூக்கம், விழிப்பு, மெலடோனின், கார்ட்டிசால் மாதிரி ஹார்மோன்கள் சுரக்கிற நேரம் எல்லாம் அதோட பிடியில. இந்த நோயாளிகள் சிலருக்கு அந்த ஹார்மோன்களோட ஏற்ற இறக்கம் மாறியிருக்கு. வலி வர்றப்போ ஸ்கேன்ல அந்த இடம் தூண்டப்பட்டிருக்கிறதையும் பார்த்திருக்காங்க. முகத்து நரம்பு அதனாலதான் கிளறப்படுதோன்னு நினைக்கிறோம். இதுதான் காரணம்னு முடிவா இன்னும் சொல்ல முடியலை. எங்களுக்கும் சந்தேகம்தான். ஆனா எங்க சந்தேகம் அந்த இடத்து மேல, இவர் மேல இல்லை."

"குடிச்சா இப்படி வருமா?" வெங்கடசுப்ரமணியன் கடைசி அம்பையும் விட்டுப் பார்த்தார்.

"இந்த சீசன்ல ஒரு வாய் குடிச்சாலே வலி கிளம்பிடும். பாட்டிலைக் கண்டா இவர் ஓடணும்."

வேறு கோளாறு இல்லை என்று உறுதி செய்துகொள்ள ஒரு ஸ்கேன், இதயத்தைச் சோதித்த பிறகு கொடுக்கத் தடுப்பு மாத்திரை, வலி தொடங்கியதும் முகமூடி வைத்து இழுக்க ஆக்ஸிஜன் என்று எழுதிக் கொடுத்தார். முழுக்கக் குணமாக்க இன்னும் வழியில்லை, அடக்கி வைக்கலாம் என்றும் மறைக்காமல் சொன்னார்.

திரும்பும்போது ஆட்டோவில் வசுமதி மெதுவாகக் கேட்டாள்: "இவ்வளவு வலின்னு ஏன் எங்கிட்ட காட்டலே?"

"காட்டினேனே. தினமும் கண்ணைக் காட்டினேன். நீ வாயை மோந்து பார்த்தே."

அவள் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அவமானத்தில் கண் நிறைந்தது. வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாகப் பெட்டியிலிருந்த யூனிஃபார்மை எடுத்து அலமாரியில் வைத்தாள்.

நவமி சாயங்காலம். தெருமுனைப் பந்தலில் டாக் மேளம் அதிர்ந்துகொண்டிருந்தது. கொலுவில் விளக்கேற்றியதும் கிரீஷ் எழுந்தான். இந்தத் தடவை வசுமதியும் கூடவே போனாள். உள்ளே சிலிண்டரைத் திருகுகிற சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் விழவில்லை.

கூடத்தில் சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்த வெங்கடசுப்ரமணியனைப் பார்த்துச் சுப்புலக்ஷ்மி மாமி சிரித்தாள். "இன்னிக்கும் அதே நேரத்துக்குத் தலைவலியா? கடியாரம் பார்த்துண்டு வர்றதோ?"

"ஆமாம் மாமி, கடியாரம் பார்த்துண்டுதான் வர்றது. கோளாறே அந்தக் கடியாரத்துலதான்," என்றார் அவர். "பொய்னு முதல்ல தீர்ப்பு சொன்னவன் நான். நமக்குத் தெரியலைங்கறதுக்காக இன்னொருத்தர் வலி பொய்யாயிடாது. வலிக்கறதுன்னு ஒருத்தர் சொன்னா மொதல்ல நம்பணும், அப்புறம் சரியான டாக்டர்கிட்ட அழைச்சுண்டு போகணும். அதை விட்டுட்டு நாம பண்ணின விசாரணையில, ஒரு மனுஷன் வலியோட குற்றவாளிப் பட்டத்தையும் சேர்த்துன்னா சுமந்திருக்கார்!"

மாமி உள்பக்கம் திரும்பிப் பார்த்தாள். திறந்திருந்த பின்னறைக் கதவு வழியாக அவளுக்குத் தெரிந்தது: முகமூடியைப் பிடித்தபடி வசுமதி, அவள் தோளில் நெற்றியை அழுத்திக்கொண்டு கிரீஷ், அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஹம்சினி.